எல்லோரும் கை தட்டினார்கள்

திருத்தணி
18.8.2024, ஞாயிறு

பிரபாவதிக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுதித் தொடங்கத்தான் கை போகிறது. வீட்டுப் பழக்கம். கோபித்துக்கொள்ளாதே.

நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் உன் நைனா வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார். "பாப்பா தூங்குதும்மா, அப்பால வா" என்றார். நீ தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் காகிதம். பள்ளிப்பட்டு பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற பங்காரு அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். "ஒட்டக்கூட வாணாம்மா, நான் இன்னா பிரிச்சா பாக்கப்போறேன்" என்றார். நான் ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதும் யோசனையே கம்பெனி டிரெய்னிங்கில் கொடுத்த அந்தக் கைப்புத்தகத்தில் இருப்பதுதான். நேரில் பேசமுடியாத ஆளுக்குக் கடிதம் எழுது, முதலில் அவருடைய உணர்வை அங்கீகரி, பிறகு உன் நிலையைச் சொல், கடைசியில் நம்பிக்கையாக முடி என்று இருக்கிறது. அதன்படி மூன்று முறை எழுதினேன். மூன்றும் பாங்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தன. கிழித்துப் போட்டேன்.

கை எப்படி இருக்கிறது பிரபா? தையல் பிரித்தார்களா? சோறு யார் பிசைந்து கொடுக்கிறார்கள்?

எட்டு வருடம் தகடு அழுத்துகிற மெஷின் வரிசையில் நீ நாலாம் நம்பர் பிரஸ், நான் ஐந்தாம் நம்பர். அந்தச் சத்தத்தில் காது கேட்காது என்று கையாலேயே பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் பார்த்தால்கூட வாயைத் திறக்காமல் கையை ஆட்டிக்கொண்டு நிற்போம். டீக்கு இரண்டு விரல். ஷிப்ட் இன்சார்ஜ் வளவன் சார் வந்தால் காதைச் சொறிவது. கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினால், எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். இப்போது லைன் லீடர் மேஜையில் உட்கார்ந்து உன் மெஷினைப் பார்க்கிறேன். மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உன் விபத்து பற்றிக் கம்பெனி விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயம் பேசவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

கெசியா

&nbsp;

பள்ளிப்பட்டு
24.8.2024

கெசியா,

என் உணர்வை அங்கீகரிக்கிறாயா? நல்லது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். மற்ற நாலும் நாலாம் நம்பரிலேயே நின்றுவிட்டன. அதையும் சேர்த்து அங்கீகரித்துக்கொள்.

என்ன விஷயம் பேசவேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ சுற்றி வளைத்து வருவதற்குள் விசாரணையே முடிந்துவிடும். நானே சொல்கிறேன்.

ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் வரச்சொல்லி, கேன்டீன் மாடியில் டிரெய்னிங். சென்னையிலிருந்து வந்த டிரெய்னர் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டார். ஒருத்தர் லீடர், ஒருத்தர் ஆபரேட்டர், ஆபரேட்டர் ஒரு குறை சொல்லவேண்டும், லீடர் பொறுமையாகக் கேட்கவேண்டும் என்றார். எனக்கு முன்னால் போனவர்கள் கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை, பஸ்ஸில் சீட் கிழிந்திருக்கிறது என்று ஏதேதோ சொன்னார்கள். எனக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி போயிற்று. வளவன் சார் உட்கார்ந்திருக்கிறார், எச்.ஆர். மேடம் உட்கார்ந்திருக்கிறார், மெயின்டனன்ஸ் ஆள்கூட பின்னால் நிற்கிறார். கீழே மெஷின் பக்கத்தில் சொன்னால், "பாக்கலாம் பாக்கலாம்" என்று நடந்துகொண்டே போகிறவர்கள். இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

அதனால் நிஜத்தைச் சொன்னேன். நீ மறந்திருந்தால் மறுபடி ஒப்பிக்கிறேன். "அக்கா, பிரஸ்ல ரெண்டு பட்டன் கீது. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் இறங்கணும். அப்பதான் கை ரெண்டும் வெளிய இருக்கும். நாலாம் நம்பர்ல இடது பட்டன் உள்ள போயி மாட்டிகினு வரவே மாட்டேங்குது. வலது பட்டன் மட்டும் அமுக்கினாலே இறங்கிடுது. இடது கை சும்மாவே கீது, பொருளைச் சரிபண்ண தன்னால உள்ள போவுது. பயமா கீது அக்கா." இதுதான் நான் சொன்னது. சொல்லும்போது குரல் உடைந்தது. நடிப்பு என்று நினைத்தார்கள்.

நீ என் கண்ணைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். "நீங்க சொன்னது எனக்குப் புரியுதுங்க. இருபத்துநாலு மணி நேரத்துல நடவடிக்கை எடுப்பேன்" என்றாய். கைப்புத்தகத்தில் எழுதிக்கொண்டாய். எல்லோரும் கை தட்டினார்கள். உனக்குப் பதினைந்து நாளில் லைன் லீடர் பதவி. எனக்கு நல்லா நடித்ததற்கு ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ். அதைத்தான் இப்போது கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூடி இறுக்கம். ஒரு கையால் திறக்க வராது.

கம்பெனி நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? வேகமாக ஓட்டுவதற்காக நானே பட்டனுக்குள் தகட்டுத் துண்டைச் செருகினேனாம். பழுது பற்றி யாரிடமும் எப்போதும் சொல்லவில்லையாம். நைனா அதைப் படிக்கச்சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "சின்ன வயசுலேந்தே உனக்கு அவசரம் பாப்பா" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அச்சடித்த தாளை நம்புகிறார்.

எனக்கு ஒரே கேள்வி. ஜூன் பதினாறாம் தேதி நான் சொன்னதை அடுத்த நாள் நீ யாரிடம் சொன்னாய்? பெயரை எழுது.

பிரபாவதி

&nbsp;

திருத்தணி
1.9.2024, ஞாயிறு

பிரபா,

யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுத ஒரு வாரம் ஆகியிருக்கிறது. இன்று ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடினபோது நான் மட்டும் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயமா? இல்லை. அன்றைக்கு எனக்கு எந்தப் பயமும் இல்லை. மறதியா? அதுவும் இல்லை. அவர்கள் கை தட்டினார்களே, அதோடு அந்த வேலை முடிந்துவிட்டது என்று எனக்குள் எங்கேயோ பதிந்துவிட்டது. நான் கேட்டாயிற்று, எழுதியாயிற்று, எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று. டிரெய்னர் என் பக்கம் கையைக் காட்டி, "இப்படித்தான் கேட்கணும், இவங்களைப் பாருங்க" என்றார். என் வாழ்க்கையில் ஒருத்தர் என்னைக் காட்டி மற்றவர்களைப் பார்க்கச்சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அழுதார். அந்தச் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு, வசனக் காலண்டர் மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டார். காலண்டர் இப்போது கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

அன்றைக்கு மெயின்டனன்ஸ் ஆளும் அங்கேதானே நின்றார், அவரே கேட்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் வளவன் சார் சொல்வார் என்று நினைத்திருப்பார். வளவன் சார் இது கதை என்று நினைத்திருப்பார். நீ, கெசியாவிடம் சொல்லியாயிற்று என்று நினைத்திருப்பாய். அப்படித்தானே? அதனால்தானே அப்புறம் நீயும் மறுபடி கேட்கவில்லை?

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே வீண். ஆடிக் கிருத்திகைக்கு நீ லீவு கேட்டிருந்தாய். நைனா காவடி எடுக்கிறார், கூடவே மலை ஏறவேண்டும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்திருந்தாய். லைனில் பாதிப் பேர் லீவு. டார்கெட்டை மட்டும் யாரும் குறைக்கவில்லை. முதல் நாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, கைப்புத்தகத்தில் இருந்தபடி உன் பெயரைச் சொல்லி, தோளைத் தொட்டு, "பிரபாவதி, நீங்க இல்லன்னா என் லைனே இல்லைங்க" என்றேன். நீ சிரித்துவிட்டாய். "இன்னாடி, ங்க போட்டுப் பேசற" என்றாய். ஆனால் வந்தாய். டிரெய்னிங்கில் கற்றதிலேயே பலித்தது அது ஒன்றுதான்.

மைக்கில் மலையிலிருந்து அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. நான் போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதிக்கொண்டிருந்தேன். உன் பக்கம் முதுகு.

நீ மன்னிக்கவேண்டாம். கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கெசியா

&nbsp;

பள்ளிப்பட்டு
6.9.2024

கெசியா,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன்னைக் கொல்லவேண்டும் போல இருந்தது. இரண்டாம் தடவை, நானும்தான் சொல்லியாச்சு என்று இருந்துவிட்டேன் என்று தோன்றியது. அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

அன்று என்னை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது பங்காரு அண்ணன்தான். மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகரவில்லை. அவர் இறங்கி, காவடிக்காரர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டு வழி கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அதில் எந்த மஞ்சள் வேட்டி நைனா என்று தேடினேன். தேடியதுதான் ஞாபகம், அப்புறம் ஒன்றும் இல்லை.

சரி, அழுகை போதும். நீ புத்தகத்தில் எழுதிக்கொண்டாயே, அது உன்னிடம் இருக்கிறதா? என்னுடையதை அன்றே பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். உன்னிடம் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போட மாட்டாய், அட்டை போட்டு வைத்திருப்பாய்.

அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு வா. உன் கையெழுத்து, தேதி, நாலாம் நம்பர், இடது பட்டன், எல்லாம் அதில் இருக்கும். வேறு ஒன்றும் வேண்டாம். கம்பெனியைத் திட்டவேண்டாம், எனக்காக வாதாடவேண்டாம். "பிரபாவதி என்னிடம் சொன்னாள்" என்று ஒரு வரி. அது என் நைனா காதில் விழவேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அந்த ஒரு வரிக்கு உன் பதவி போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பிரபாவதி

&nbsp;

திருத்தணி
15.9.2024, ஞாயிறு

பிரபா,

நீ அங்கேதான் இருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, அது என் மடியில் இருந்த பை.

புத்தகம் அதில்தான் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தேன். கூப்பிட்டதும் எழுந்து, சொல்லவேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டேதான் போனேன். சொல்லவும் சொன்னேன். "ஆங், பிரபாவதி எங்கிட்ட சொன்னாங்க" என்று சொன்னேனா இல்லையா? உன் நைனா நிமிர்ந்து பார்த்தாரே. அந்த அரை நிமிடம் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்புறம்தான் விசாரிக்க வந்த அந்த வெளியாள் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். குரலில் கோபமே இல்லை. "எப்பம்மா சொன்னாங்க?" டிரெய்னிங்ல. "டிரெய்னிங்ல எப்ப?" ரோல் பிளேல. "ரோல் பிளேன்னா நடிப்புதானே? நீங்க லீடரா நடிச்சீங்க. அப்ப நீங்க லீடர் இல்ல. அவங்க ஆபரேட்டரா நடிச்சாங்க. நிஜமான புகாரா, நடிப்பா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தை. நிஜம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, நிஜம் என்று தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது. எதிரே வளவன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டிவைத்த பிரேம் கண்ணுக்குள் வந்தது. சீ, அதைப்போய் எழுதுகிறேனே, ஆனால் அதுதான் வந்தது.

"ரோல் பிளே" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் நைனா மறுபடி குனிந்துகொண்டார். நீ எழுந்து என் எதிரில் வந்து நின்றாய். அடிப்பாய் என்று நினைத்தேன். நீ உன் இடது கையை என் கண்ணுக்கு நேராகத் தூக்கி இரண்டு விரல் காட்டப் பார்த்தாய். டீக்குக் காட்டுவோமே, அது. காட்ட விரல் இல்லை.

எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கெசியா

&nbsp;

பள்ளிப்பட்டு
21.9.2024

கெசியா,

சாப்பாடு இறங்காவிட்டால் டாக்டரைப் பார்.

வேலை போய்விட்டது, தாள் வந்துவிட்டது. நைனா அதையும் படிக்கச்சொன்னார். நான் படிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் படித்துக்கொண்டார்.

இனி எனக்கு எழுதாதே. பங்காரு அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

பிரபாவதி

&nbsp;

பள்ளிப்பட்டு
10.11.2024, ஞாயிறு

கெசியா,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். இது உனக்காக இல்லை, வேறு ஒருத்திக்காக. முழுவதும் படி.

நேற்று கேன்டீன் மாடியில் என்னைப் பார்த்ததும் உனக்கு முகம் செத்துவிட்டது. நான் ஏன் வந்தேன் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. எச்.ஆர். மேடம் போன வாரம் வீட்டுக்கே வந்தார். கம்பெனிக்கு மனசாட்சி இருக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கிறோம், ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை, அதற்கு முன்னால் புதுப் பெண்கள் நடுவில் வந்து நான்கு வார்த்தை பேசு என்றார். நான்கு வார்த்தையையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். நைனா, "போயி பேசிட்டு வா பாப்பா, வூட்டுலயே எவ்ளோ நாளு உக்காந்துகினு இருப்ப" என்றார்.

எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். கேட்டாய் அல்லவா? "என் அவசரத்தால் என் விரல்களை இழந்தேன். என்னைப் போல் நீங்கள் ஆகாதீர்கள்." என் வாயால் சொன்னேன் கெசியா. நீ ஒரு வார்த்தையில் சொன்னாய், நான் இரண்டு வரியில் சொன்னேன். இனி உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

அதை விடு. அப்புறம் நடந்ததுதான் விஷயம். ரோல் பிளே வந்தது. அதே இரண்டு நாற்காலி. லீடர் நாற்காலியில் நீ. எதிரே தீபா என்கிற பெண், அம்மையார்குப்பம், சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஆறாம் நம்பர் பிரஸ். ஒல்லியாக, தலையில் கனகாம்பரம். அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, ஆறாம் நம்பர்ல இடது பட்டன் அமுக்காமலே மெஷின் இறங்குதுக்கா, கை உள்ள போயிடுமோன்னு பயமா கீது" என்றாள். என் கையைப் பார்த்துவிட்டுக் கட்டிச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அவள் வலது கை முட்டியை ஆட்டி ஆட்டி எப்படி ஓட்டுகிறாள் என்று காட்டினாள். இடது கையை முன்னால் நீட்டி, பொருளைத் தள்ளிவிடுவது போலக் காட்டினாள். அது ஓட்டாதவளுக்கு வராது.

நீ தலையாட்டினாய். இருபத்துநாலு மணி நேரம் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். என் பக்கத்தில் இருந்த பெண் தட்டிக்கொண்டே திரும்பினாள், என் கையைப் பார்த்தாள், வெட்கப்பட்டுத் தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கேயே கத்தியிருக்கவேண்டும். சற்று முன்னால்தான் என் அவசரம் என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தவள் கத்தினால் யார் கேட்பார்கள்? இறங்கும்போது படியில் வளவன் சாரைப் பிடித்துச் சொன்னேன். "ஐய, அது ரோல் பிளேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். தீபாவையே கூப்பிட்டுக் கேட்டேன். "மெஷின் நிஜமாவே அப்படித்தான் கீதா?" ஆங் என்றாள். "அப்ப திங்கக்கிழம அத்த தொடாத" என்றேன். "அதான் கெசியாக்காகிட்ட சொல்லிட்டேனேக்கா" என்றாள். சொல்லிவிட்டு, "நான் நல்லா பேசினேனாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று மெஷின் ஓடாது. நாளை காலை ஆறரைக்கு ஓடும். உன் நம்பர் மேல் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டு இரண்டு முறை அடித்தேன். சுவிட்ச் ஆப் என்று வருகிறது. முதல் பஸ்ஸில் பங்காரு அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். கேட்டில் உன் கையில் கொடுப்பார். புத்தகத்தில் எழுதாதே. நேராகப் போ.

பிரபாவதி

&nbsp;

திருத்தணி
11.11.2024, திங்கள்

பிரபா,

போனை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். மேடையில் உன் குரல் அந்த வரியைச் சொன்னதிலிருந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. தீபா என் எதிரே உட்கார்ந்து பேசினபோது நான் அவள் தலைக்கு மேலாக உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல் காதில் ஏறவில்லை. மற்றவர்கள் தட்டினார்கள், நானும் தட்டினேன். இதுதான் நடந்தது. இரண்டாம் தடவையும் நானேதான்.

பங்காரு அண்ணன் கேட்டில் ஹாரன் அடித்து, வண்டியிலிருந்தே கடிதத்தை நீட்டினார். "பாப்பா ராவெல்லாம் தூங்கலயாம், சீக்கிரம் படிம்மா" என்றார். நடந்துகொண்டே படித்தேன். கடைசிப் பக்கம் வரும்போது மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஓடினேன். தூரத்திலேயே தீபாவைப் பார்த்து, கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, பதிலுக்குக் கையை ஆட்டினாள். புதுப் பெண்ணுக்கு அது தெரியாது பிரபா. நாம் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஆறாம் நம்பர் மட்டும் இல்லை, அந்த வரிசையே நின்றது. இடது பட்டனைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போய் மாட்டிக்கொண்டு கிடந்தது, நீ அன்று சொன்ன அதே மாதிரி. தகடும் இல்லை ஒன்றும் இல்லை, ஸ்பிரிங் செத்துப் போயிருக்கிறது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஷெட்டில் நான் வாயால் கத்தினேன். "இந்தப் பட்டன் வேல செய்யல. நாலாம் நம்பர்லயும் இதான். பிரபாவதி ஜூன் மாசமே எங்கிட்ட சொன்னா, நிஜமா சொன்னா, நான்தான் யாருகிட்டயும் சொல்லல." எல்லோரும் கேட்டார்கள். மெஷின் நின்றிருந்ததால் நன்றாகக் கேட்டது.

வளவன் சார் வந்தார். திட்டவில்லை. தனியாக அழைத்துப் போய், "கெசியா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? இப்படியா நாலு பேரு எதிர்ல கத்துவீங்க? இதானா டிரெய்னிங்ல கத்துகினது?" என்றார். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். நாலாம் நம்பரையும் சேர்த்து, தேதி போட்டு, பதினேழாம் பக்கம் என்று போட்டு எழுதினேன். எச்.ஆர். மேடம் படித்துவிட்டு நாலாம் நம்பர் வரியின் மேல் பேனாவை வைத்து, "இது முடிஞ்ச விசாரணைங்க, இதை எதுக்குத் திரும்ப இழுக்கறீங்க" என்றார். என் கையில் கட்டியிருந்த லீடர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். மக்களோடு பேசும் திறன் போதவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் நான் பேக்கிங்.

தீபா கேன்டீனில் என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன், பார் என் புத்தியை. "இன்னாக்கா நீ, காலைலேந்து என் டார்கெட்டே போச்சு. நான் சும்மா சொன்னத இப்படியா ஆக்குவ? வளவன் சார் என்னையும் முறைச்சிகினு போறாரு" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு.

இந்தக் கடிதத்தோடு கைப்புத்தகத்தை வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நைனாவுக்குப் படித்துக் காட்டு. நீ படித்தால் நம்பமாட்டார் என்றால், அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல். என் கையெழுத்து புரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாசலில் நின்று படிக்கிறேன். அவர் உள்ளே விடவேண்டாம்.

மெயின்டனன்ஸ் ஆள் ஸ்பிரிங் வாங்கவேண்டும், பார்ட் வர பத்து நாள் ஆகும் என்றார். அதுவரை ஜாக்கிரதையாக ஓட்டச்சொல்லி மெஷினில் ஒரு தாள் ஒட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆறாம் நம்பர் ஓடத் தொடங்கியது. பேக்கிங் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் எழுந்து நின்றேன். மற்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஷிப்ட் முடிந்து தீபா என்னைக் கண்டும் காணாமல் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டாள். நாளைக்கும் அவளுக்கு ஆறாம் நம்பர்தான்.

கெசியா